பத்து வயசில் எப்படி இருந்தீங்க? ஆயுர்வேதம் சொல்லும் உடல்வாகு, ஓர் எளிய அறிமுகம்

வைத்தியர் என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். சரியாகத் தூக்கம் வருவதில்லை, மலச்சிக்கல், தோல் வறண்டு போகிறது, சின்னச் சத்தம் கேட்டாலும் திடுக்கிடுகிறது என்று நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டவர், கடைசியில் கேட்டது இதுதான்: "சரி தம்பி, பத்துப் பன்னிரண்டு வயசில் நீங்க எப்படி இருந்தீங்க?"

"அப்போ எனக்கு ஒரு நோயும் இல்லைங்க" என்றேன்.

"நோயைக் கேக்கலை. ஒல்லியா இருந்தீங்களா, பூசினாப்ல இருந்தீங்களா? பசி வந்தா பொறுப்பீங்களா? படுத்தா உடனே தூங்கிடுவீங்களா? வெயில் ஒத்துக்குமா, குளிர் ஒத்துக்குமா? ஞாபகம் இல்லைன்னா அம்மாவைக் கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் மருந்தைப் பத்திப் பேசுவோம்."

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் செல்பேசியில் ஒரு கேள்வித்தாளை நிரப்பியிருந்தேன். தூக்கம் எப்படி, தோல் எப்படி, மனம் எப்படி என்று வரிசையாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் அன்றைய நிலவரத்தைப் பதிலாகக் கொடுத்தேன். 'நீங்கள் வாத உடல்வாகு கொண்டவர்' என்று முடிவு வந்தது. அதை நம்பி, வாதத்தைத் தணிக்கும் உணவு எது என்று தேடிச் சாப்பிடவும் ஆரம்பித்திருந்தேன்.

நான் செய்த தவறு அங்கேதான். இன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்பது ஒன்று. இந்த உடம்பின் பிறவி இயல்பு என்ன என்பது வேறொன்று. ஆயுர்வேதம் முதலாவதை விகிருதி என்கிறது, இரண்டாவதைப் பிரகிருதி என்கிறது. புதிதாக இதைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இதுதான். இது தெளிந்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

தெரிந்த சொற்கள், தெரியாத பொருள்

வாதம், பித்தம், கபம் என்ற மூன்றும் நமக்குப் புதியவை அல்ல. 'வாயுத் தொல்லை' என்கிறோம், 'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்கிறோம், 'நெஞ்சில் கபம் கட்டியிருக்கிறது' என்கிறோம். "மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று" என்ற குறளைப் பள்ளியிலேயே படித்திருப்போம். மருந்து அதிகாரத்தின் முதல் குறள் அது, 941ஆவது. வளி என்பது வாதம். வளியைத் தலையாக வைத்து எண்ணப்பட்ட மூன்றும் கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய்.

பழகிய சொற்களாக இருப்பதால் ஒரு சங்கடமும் உண்டு. வாதம் என்றால் வயிற்றில் சேரும் வாயு, பித்தம் என்றால் மஞ்சளாக வாந்தியில் வருவது, கபம் என்றால் சளி என்று நினைத்துவிடுகிறோம். அவை இந்த மூன்றும் வெளியே தெரியும் சில இடங்கள், அவ்வளவுதான். ஆயுர்வேதத்தில் இவற்றின் பொருள் இன்னும் விரிவானது.

இவற்றைத் தோஷங்கள் என்கிறார்கள். ஜாதகத்தில் சொல்லும் தோஷத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வடமொழியில் தோஷம் என்றால் கெடுக்கக்கூடியது. அளவில் நிற்கும்வரை உடம்பைத் தாங்கி நடத்துவதும் இவைதான், அளவு தப்பினால் உடம்பைக் கெடுப்பதும் இவைதான். அதனால் தோஷத்தை 'உடம்பிலிருந்து வெளியேற்ற வேண்டிய கழிவு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாதம் இல்லாத உடம்பில் மூச்சே ஓடாது.

ஒரு கவளம் சோற்றின் கூடவே போய்ப் பார்த்தால் மூன்றும் என்ன செய்கின்றன என்பது புரியும். வாயில் வைத்ததும் உமிழ்நீரில் குழைந்து நாக்கில் சுவை தெரிகிறது. அது கபத்தின் வேலை. விழுங்கும்போது தொண்டை அசைந்து கவளத்தை உள்ளே தள்ளுகிறது. அது வாதத்தின் வேலை. இரைப்பையில் ஈரத்தைச் சேர்த்து உணவை இளக்குவது மறுபடியும் கபம். அதைச் செரித்து, சத்து வேறு சக்கை வேறாகப் பிரிப்பது பித்தம். அந்தப் பித்தத்தின் தீயை ஊதிவிடுவது வாதம், சத்தை உடம்பெங்கும் கொண்டு சேர்ப்பது வாதம், கடைசியில் மிச்சத்தை வெளியேற்றுவதும் வாதம். நூல்கள் ஒவ்வொரு தோஷத்தையும் ஐந்தைந்தாகப் பிரித்து இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் சொல்கின்றன. பிராணன், அபானன் என்று நாம் கேள்விப்படுபவை வாதத்தின் பிரிவுகளே. ஆரம்பத்தில் அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அசைவதெல்லாம் வாதம், மாற்றுவதெல்லாம் பித்தம், பிணைத்து நிறுத்துவதெல்லாம் கபம் என்று பிடித்துக்கொண்டால் போதும்.

ஐம்பூதங்களோடு சேர்த்துச் சொல்வதென்றால், வாதத்தில் காற்றும் ஆகாயமும், பித்தத்தில் பெரும்பாலும் தீயும், கபத்தில் நீரும் நிலமும் இருப்பதாகக் கொள்வார்கள்.

குணத்தை வைத்துத்தான் எல்லாம்

என்னைக் கேட்டால், ஆயுர்வேதத்தில் மிக அழகான பகுதி குணங்களைப் பற்றியதுதான். வாதம் என்ற ஒன்றை யாரும் கையில் எடுத்துக் காட்ட முடியாது. ஆனால் வறட்சி, லேசு, குளிர்ச்சி, சொரசொரப்பு, அசைவு ஆகியவற்றை யாரும் உணர முடியும். இந்தக் குணங்கள் எங்கே சேர்ந்து தெரிகின்றனவோ அங்கே வாதம் இருக்கிறது என்று பொருள். சரகர் பெயரில் வழங்கும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் என்ற பகுதியில், எட்டாம் அத்தியாயத்தில் இதை ஒரு கணக்கைப் போல எழுதியிருக்கிறார்கள்: இந்தக் குணம் இருப்பதால் உடம்பில் இந்த அடையாளம் வருகிறது என்று, ஒவ்வொன்றாக.

வாதத்தைப் பாருங்கள். வறட்சியின் குணத்தால் உடம்பு மெலிந்து வறண்டிருக்கும், குரல் கம்மியும் கரகரத்தும் இருக்கும், தூக்கம் குறைவாக இருக்கும். லேசான குணத்தால் நடையும் பேச்சும் வேகமாகவும் லேசாகவும் இருக்கும். அசையும் குணத்தால் கண், புருவம், உதடு, தோள், கை, கால் என்று ஏதாவது ஒன்று சும்மா இராமல் அசைந்துகொண்டே இருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வருகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விரைவின் குணத்தால் எதையும் சட்டென்று தொடங்குவார்கள், சட்டென்று பயப்படுவார்கள், விரும்புவதும் வெறுப்பதும் உடனுக்குடன் நடக்கும். கேட்டதைக் கப்பென்று பிடித்துக்கொள்வார்கள், அதே வேகத்தில் மறந்தும்விடுவார்கள். குளிர் தாங்காது. முடியும் நகமும் முரடாக இருக்கும். எழுந்தால் முட்டி 'டக்' என்று சத்தம் போடும். இந்தச் சத்தம் வரைக்கும் சரகரின் பட்டியலில் இருக்கிறது. மனிதர்களை எவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்திருந்தால் இதையெல்லாம் எழுதியிருக்க முடியும் என்று நான் வியந்ததுண்டு.

பித்தத்தின் குணம் சூடு, கூர்மை, நீர்த்தன்மை, சற்று எண்ணெய்ப் பசை, ஒருவித வாடை. சூட்டால் வெயில் தாங்காது, முகம் எளிதில் சிவந்துவிடும், மச்சங்களும் புள்ளிகளும் நிறைய இருக்கும், இளநரையும் வழுக்கையும் சுருக்கமும் சீக்கிரம் வரும். கூர்மையால் பசி கடுமையாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்காவிட்டால் கோபம் வருவது இவர்களுக்குத்தான். நீர்த்தன்மையால் வியர்வை அதிகம், மலம் இளகிப் போகும். அறிவு கூர்மை, பேச்சும் கூர்மை.

கபம் பெரும்பாலும் இவற்றுக்கு எதிர்ப்பக்கம்: கனம், குளிர்ச்சி, வழவழப்பு, நிதானம், உறுதி. தோல் மினுமினுப்பாக இருக்கும், மூட்டுகள் கட்டுறுதியாக இருக்கும், பசியும் தாகமும் வியர்வையும் குறைவு. எதையும் மெதுவாகத் தொடங்குவார்கள், அவ்வளவு எளிதில் பதற மாட்டார்கள். இன்றைக்கு உடல் பருமனைப் பற்றிய பேச்சில் 'கப உடம்பு' ஒரு குறையைப் போல ஆகிவிட்டது. நூல்களோ பலமும் பொறுமையும் நீண்ட ஆயுளும் உள்ளவர்கள் என்று இவர்களைத்தான் சொல்கின்றன.

இதைப் படித்துவிட்டு, 'எனக்கு மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பொருந்துகிறதே' என்று தோன்றினால் அது சரிதான். எல்லார் உடம்பிலும் மூன்றும் உண்டு. எது ஓங்கியிருக்கிறது என்பதை வைத்து ஏழு வகை சொல்கிறார்கள்: ஒன்று மட்டும் ஓங்கிய மூன்று, இரண்டு சேர்ந்து ஓங்கிய மூன்று, மூன்றும் ஒத்து நிற்கிற ஒன்று. ஏழாவது வகைதான் சிறந்தது என்கிறார் அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூலை எழுதிய வாக்படர். நடைமுறையில் நாம் சந்திப்பவர்களில் இரண்டு தோஷம் கலந்தவர்களே அதிகம். வாத பித்தம், பித்த கபம் என்று வைத்தியர்கள் சேர்த்துச் சொல்வது அதனால்தான்.

பிறப்பும் இப்போதும்

பிரகிருதி எப்போது முடிவாகிறது? கரு உண்டாகும் அந்த நேரத்திலேயே என்பது ஆயுர்வேதத்தின் பதில். தாய் தந்தையிடமிருந்து வரும் வித்து, அந்தக் காலம், கருப்பையின் நிலை, தாய் உண்ட உணவு, அவள் இருந்த விதம் எல்லாம் சேர்ந்து எந்தத் தோஷம் ஓங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அப்படி அமைந்தது ஆயுள் முழுக்க அடியில் இருக்கும். ஒரே வீட்டில் ஒரே சமையலைச் சாப்பிட்டு வளர்கிற அண்ணனுக்கு வருடம் முழுக்க மூக்கடைப்பும் தம்பிக்கு வருடம் முழுக்க வயிற்றெரிச்சலும் இருப்பதற்கு ஆயுர்வேதம் சொல்லும் காரணம் இதுதான்.

விகிருதி இதற்கு மேலே படிவது. பிறவியில் பித்தம் ஓங்கிய ஒருவர் மூன்று மாதம் இரவுப்பணி செய்து, நேரம் கெட்டுச் சாப்பிட்டு, ஓயாமல் பயணம் போய்க்கொண்டிருந்தால் அவருக்கு வாதம் ஏறிவிடும். தூக்கம் போகும், தோல் வறளும், மனம் அலைபாயும். அந்த நாளில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தால் அவர் நிரப்பும் பதிலெல்லாம் வாதத்தையே காட்டும். அவர் வாதக்காரர் ஆகிவிடவில்லை. பித்தக்காரருக்கு வாதம் கெட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் சிகிச்சையிலும் உணவிலும் வித்தியாசம் உண்டு.

அதனால் உங்கள் பிரகிருதியைப் பற்றி யோசிக்கும்போது, நன்றாக இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். வேலை, மன உளைச்சல், மருந்து எதுவும் வந்து சேராத காலம். எலும்பின் அமைப்பு, முடியின் தன்மை, சிறு வயதுப் பசி, தூக்கத்தின் ஆழம், கோபம் வந்து போகும் வேகம் ஆகியவை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. போன வாரத்துத் தூக்கத்தை வைத்துப் பிரகிருதியைச் சொல்ல முடியாது. நல்ல வைத்தியர் நாடி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் நீளமாகக் கேள்வி கேட்பதும் இதற்காகத்தான். (நாடி பார்ப்பது சரகர், சுஸ்ருதர் நூல்களில் இல்லை. பிற்காலத்து சார்ங்கதர சம்ஹிதையில்தான் அது வருகிறது. பழைய நூல்கள் கண்ணால் பார்ப்பது, தொட்டுப் பார்ப்பது, கேட்டறிவது ஆகிய மூன்றையே முக்கியமாகச் சொல்கின்றன.)

சமநிலை என்றால் சமபாகம் அல்ல

சமநிலை என்றதும் வாதம், பித்தம், கபம் மூன்றையும் தராசில் வைத்து ஒரே எடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றும். ஆயுர்வேதம் அதைக் கேட்கவில்லை. பித்தம் ஓங்கிப் பிறந்தவருக்குப் பித்தம் ஓங்கியிருப்பதே அவருடைய சமநிலை. அவருடைய சொந்த அளவிலிருந்து விலகினால்தான் தொல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் அளவை அவர் எட்ட வேண்டியதில்லை, எட்டவும் முடியாது. நம்முடைய சித்த மருத்துவமும் இந்த இடத்தில் துணைக்கு வருகிறது. நல்ல நிலையில் உள்ள நாடியில் வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை மாத்திரை, கபம் கால் மாத்திரை இருக்க வேண்டும் என்பது சித்தர் கணக்கு (மாத்திரை என்பது இங்கே ஓர் அளவு). அங்கேயும் மூன்றும் சமபாகம் இல்லை, ஒரு விகிதம்தான்.

ஆரோக்கியம் என்பதற்கு வடமொழியில் 'ஸ்வாஸ்தியம்' என்ற சொல் உண்டு. 'ஸ்வ' என்றால் தன், 'ஸ்த' என்றால் நிற்பது. தன்னில் நிற்பவன் ஸ்வஸ்தன், அதாவது நலமாக இருப்பவன். சுஸ்ருத சம்ஹிதை அவனுக்குச் சொல்லும் இலக்கணத்தில் தோஷம் மட்டும் இல்லை. செரிமானத் தீ சீராக இருக்க வேண்டும், ரத்தம், தசை, எலும்பு போன்ற உடல் தாதுக்களும் கழிவு நீங்குவதும் ஒழுங்காக இருக்க வேண்டும், அதோடு ஆன்மா, புலன்கள், மனம் மூன்றும் தெளிந்து மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தும் 'என்னவோ போல இருக்கு' என்று சொல்கிறவரை இந்த இலக்கணம் அலட்சியம் செய்வதில்லை. எனக்கு இது பிடித்த காரணங்களில் அதுவும் ஒன்று.

எப்படிக் குலைகிறது, எப்படித் திரும்புகிறது

இதற்கு அடிப்படை விதி ஒன்றுதான். ஒத்த குணம் ஒத்ததைக் கூட்டும், எதிர்க் குணம் குறைக்கும். வறண்ட உடம்பில் வறண்ட உணவு போனால் வறட்சி கூடும், எண்ணெய்ப் பசையும் வெதுவெதுப்பும் போனால் குறையும். சுவைகளையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். இனிப்பு, புளிப்பு, உப்பு மூன்றும் வாதத்தைத் தணிக்கும். இனிப்பு, கசப்பு, துவர்ப்பு மூன்றும் பித்தத்தைத் தணிக்கும். காரம், கசப்பு, துவர்ப்பு மூன்றும் கபத்தைத் தணிக்கும். ஒரே சுவை ஒரு தோஷத்தைத் தணித்து இன்னொன்றைக் கிளப்பக்கூடும் என்பதையும் இதிலேயே கவனியுங்கள். புளிப்பு வாதத்துக்கு நல்லது, பித்தத்துக்கு ஆகாது. ஒவ்வொரு தோஷத்தையும் தணிப்பதில் முதலிடம் எதற்கு என்றும் சொல்லியிருக்கிறார்கள்: வாதத்துக்கு எண்ணெய், பித்தத்துக்கு நெய், கபத்துக்குத் தேன்.

காலமும் தன் பங்குக்குத் தோஷங்களை ஏற்றி இறக்கும். பகலை மூன்றாகப் பிரித்தால் முற்பகுதி கபத்துக்கு, நடுப்பகுதி பித்தத்துக்கு, பிற்பகுதி வாதத்துக்கு. இரவும் அப்படியே. வயதும் அப்படியே: பிள்ளைப் பருவத்தில் கபம், நடுவயதில் பித்தம், முதுமையில் வாதம். குழந்தைகளுக்குச் சளி ஓயாமல் வருவதையும், வயதானவர்களுக்குத் தூக்கம் குறைந்து மூட்டு வலிப்பதையும் இந்தக் கண்ணால் பார்த்தால் பொருந்தி வரும்.

பருவங்களைப் பற்றிச் சொல்வது இன்னும் நுட்பம். கோடை வெயில் எல்லாவற்றையும் உலர்த்துகிறது. வறட்சி வாதத்தின் குணம், ஆகவே உடம்பில் வாதம் மெல்லச் சேர்கிறது. ஆனால் வாதம் குளிர்ச்சியானது. வெயிலின் சூடு அதைத் தலைதூக்க விடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. மழை தொடங்கிக் குளிர்ந்ததும் அந்தத் தடை போய்விடுகிறது, அதுவரை சேர்ந்த வாதம் மொத்தமாகச் சீறுகிறது. மழைக்காலத்தில் மூட்டுவலி கூடுகிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், அதன் விதை கோடையிலேயே விழுந்துவிட்டது என்பார் வைத்தியர். இதே மாதிரி மழைக்காலத்தில் சேரும் பித்தம் அதற்கடுத்த வெயிலில் சீறும், குளிர்காலத்தில் உறையும் கபம் இளவேனிலில் உருகும்.

சேர்வது ஒரு கட்டம், சீறுவது அடுத்த கட்டம் என்ற இந்தப் பார்வையைச் சுஸ்ருதர் ஆறு படிகளாக விரிக்கிறார். சேர்தல், சீறுதல், பரவுதல், பலவீனமான ஓரிடத்தில் போய்த் தங்குதல், நோயாக வெளிப்படுதல், முற்றி வகை பிரிதல். நாம் மருத்துவரைத் தேடிப் போவது பெரும்பாலும் ஐந்தாவது படியில். முதல் படியிலேயே உடம்பு சாடை காட்டுகிறது. வாதம் சேரும்போது வயிறு உப்பிக் கனக்கும், பித்தம் சேரும்போது உடம்பில் லேசான மஞ்சளும் சூடும் தெரியும், கபம் சேரும்போது கை கால் கனத்துச் சோம்பலாக இருக்கும். இன்னொரு அழகான விஷயம், எது நம்மில் அதிகமாகச் சேர்கிறதோ அதைக் கூட்டும் பொருள்களின் மேல் நமக்கே ஒரு வெறுப்பு வரும் என்கிறது அஷ்டாங்க ஹிருதயம். மந்தமாக இருக்கிற நாளில் எண்ணெய்ப் பலகாரத்தைப் பார்த்தாலே வேண்டாம் என்று தோன்றுமே, அந்த வெறுப்பு.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கினி என்று சொல்லப்படும் செரிமானத் தீ, தோஷத்துக்குத் தக்கபடி நான்கு விதமாக எரியும். வாதம் ஓங்கினால் ஒரு நாள் நன்றாக எரியும், மறுநாள் எரியாது. பித்தம் ஓங்கினால் எது போட்டாலும் எரித்துவிட்டு இன்னும் கேட்கும். கபம் ஓங்கினால் புகைந்துகொண்டே இருக்கும். மூன்றும் சரியாக இருந்தால் சீராக எரியும். தன் உடல்வாகு என்னவென்று தெரியாதவர்கள்கூட, முன்னால் சாப்பிட்டது செரித்துப் பசி எடுத்த பிறகு சாப்பிடுவது என்ற ஒன்றை மட்டும் கடைப்பிடித்துப் பார்க்கலாம். 'அருந்தியது அற்றது போற்றி உணின்' மருந்தே வேண்டாம் என்று அடுத்த குறளிலேயே இருக்கிறது.

எங்கே நிதானம் வேண்டும்

பிரகிருதியை நவீன அறிவியல் ஆராய்ந்திருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு, ஆராய்ந்திருக்கிறது என்று சொல்லலாம். 2008இல் டெல்லியில் உள்ள மரபணுத் தொகுதி ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி.யின் ஆய்வாளர்கள், ஒரு தோஷம் மிகத் தெளிவாக ஓங்கிய நலமான மனிதர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய ரத்த அளவுகளிலும் மரபணுக்களின் இயக்கத்திலும் வேறுபாடுகள் இருப்பதைக் காட்டினார்கள். 2015இல் ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி.யின் தலைமையில் நடந்த ஆய்வில் 3,416 ஆண்களின் பிரகிருதியைக் கணித்து, அதில் தெளிவாக வகைப்பட்ட 262 பேரின் மரபணுக்களை ஒப்பிட்டு, 52 இடங்களில் வேறுபாடு கண்டார்கள். இவை நம்பிக்கை தரும் தொடக்கங்கள். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு 'ஆயுர்வேதம் முழுவதும் நிரூபணமாகிவிட்டது' என்று சொல்வது நேர்மையாகாது. உடல்வாகு பார்த்து உணவு கொடுத்தால் இந்த நோய் இத்தனை சதவீதம் குறையும் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வுகள் இன்னும் வர வேண்டும்.

அதனால் சில விஷயங்களில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பிரகிருதி நோயைக் கண்டறியும் பரிசோதனை அல்ல. நெஞ்சு வலித்தால் அது வாதமா பித்தமா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருத்துவர் கொடுத்த மாத்திரையை, உடல்வாகு தெரிந்துவிட்டது என்பதற்காக நிறுத்தக் கூடாது. ஆயுர்வேத மருந்து என்றாலே இலை தழை, பக்கவிளைவே கிடையாது என்ற பேச்சும் தவறு. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் சேரும் பற்ப வகை மருந்துகள் உண்டு. இணையத்தில் விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகளை வாங்கிப் பரிசோதித்து 2008இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. படித்துப் பதிவு செய்த வைத்தியரைப் பார்த்து, வேறு என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு எடுப்பதுதான் பாதுகாப்பு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, உடல்வாகை ராசிபலன் மாதிரி ஆக்கிவிடாதீர்கள். 'நான் பித்தம், அதனால் கோபப்படுவேன்' என்று சொல்லிக்கொண்டு இருந்துவிடுவதற்காக யாரும் இதை எழுதி வைக்கவில்லை. நம் சாய்மானம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால், எந்தப் பக்கம் கைகொடுக்க வேண்டும் என்று தெரியும். பழைய நூல்களில் பிரகிருதியைச் சொன்ன கையோடு, அந்தந்த உடம்புக்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பது அதற்காகத்தான்.

அன்று வைத்தியரிடமிருந்து வீடு திரும்பியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் கேட்டு முடிக்கும் முன்னாலேயே பதில் வந்தது. "நீயா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிஞ்சிட்டு நேரா அடுப்படிக்குத்தான் வருவே. சாப்பாடு அஞ்சு நிமிஷம் தாமதமானா அழுதுடுவேடா. மார்கழிக் குளிர்லகூடப் போர்வையை உதைச்சுத் தள்ளிட்டுத் தூங்குவே. தலையணை வேர்வையில நனைஞ்சு கிடக்கும். படுத்தா விடியிற வரைக்கும் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டே."

அடுத்த முறை போனபோது இதை அப்படியே வைத்தியரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, செல்பேசியைப் பார்த்து நான் எழுதி வைத்திருந்த 'வாதம் தணிக்கும்' உணவுப் பட்டியலை வாங்கினார். அதில் புளிப்பானவற்றையும் உப்பு தூக்கலானவற்றையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, நெய்யையும் இனிப்புச் சுவை உள்ளவற்றையும் மட்டும் விட்டுவைத்தார். "இது பித்தம், வாதம் ரெண்டுக்கும் ஆகும்" என்றார். அப்புறம் பட்டியலுக்குக் கீழே தன் கையால் ஒரு வரி எழுதினார்: இரவு பத்து மணிக்குள் படுக்கை.